விழுவதற்கு ஒரு வண்டி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மாடிப்படியில் விழுந்தேன். கடைசி இரண்டு படிதான். எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, கீழ்வீட்டு அம்மா பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வலிக்கவே ஆரம்பித்தது. ஐம்பத்திரண்டு வயதில் வலிகூட மானம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறது.

பிப்ரவரியிலிருந்து இது ஐந்தாவது. ஐந்தும் இடது கால். தடுக்குவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. முன்பாதம் மேலே எழ மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று பின்னால் நின்றுவிடுகிறது. நான் நாலடி போன பிறகுதான் தெரிகிறது.

அண்ணனுக்கும் இப்படித்தான். முதலில் செருப்பு. அப்புறம் கைத்தடி. அப்புறம் சக்கர நாற்காலி. நாலாவது வருடம் அண்ணன் இல்லை.

எழுதியாகிவிட்டது. இனிமேல் இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

இப்போதைய தலைவலி வேறு. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கிறது. என் மனைவி தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. முந்நூறு பிள்ளைகளின் பொய்யைத் தினமும் முகத்தைப் பார்த்தே பிடிப்பவள். 'கதவில் இடித்துக்கொண்டேன்', 'மேஜை முனை', 'பஸ்ஸில் பிரேக் போட்டான்' எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டன. கையிருப்பில் பொய் இல்லை.

மார்ச் 5, வியாழன்

யோசனை வந்துவிட்டது. என்ன மூளை எனக்கு!

மச்சான் – மனைவியின் தம்பி – பேட்டரியில் ஓடும் ஒற்றைச் சக்கர வண்டி விற்கிறான். பார்த்தால் கைப்பிடி வைத்த பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே ஒரே ஒரு சக்கரம், இருபுறமும் காலுக்கொரு மிதி. உட்கார இடம் கிடையாது, பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும், வேறெப்படிச் சாய்ந்தாலும் தரை. வாங்குகிறவர்களுக்கு, மூடிக்கிடக்கும் மரச்சாமான் கடையின் கார் நிறுத்துமிடத்தில் வகுப்பும் எடுக்கிறான். அங்கே முழங்காலில் சிராய்ப்பு இல்லாத ஆளே இல்லை. அந்தக் கூட்டத்தில் காயமில்லாதவன்தான் சந்தேகத்துக்குரியவன்.

மனைவியிடம் சொன்னேன். "எதுக்கு?" என்றாள்.

"வேலைக்குப் போக."

"ரெண்டு சக்கரத்துலயே உங்களுக்கு நேரா போக வராது."

"அதான் ஒண்ணைக் குறைச்சுப் பாக்கலாம்னு."

சிரித்துவிட்டாள். சிரித்தால் விசாரணை முடிந்தது என்று அர்த்தம்.

மார்ச் 7, சனி

முதல் வகுப்பு. ஒன்பது தடவை விழுந்தேன். இவ்வளவு நிம்மதியாக என் வாழ்நாளில் விழுந்ததில்லை.

தள்ளுவண்டிகள் நிறுத்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மிதியில் வைத்து நிற்க வேண்டும். கெண்டைக்கால் வண்டியோடு ஒட்டியிருக்க வேண்டும். பிறகு அடுத்த கால். பிறகு கம்பியை விட வேண்டும். விட்டவுடன் தரை. "கீழ பாக்காதீங்க அத்தான்," என்று மச்சான் கத்திக்கொண்டே இருந்தான். "எங்க பாக்குறீங்களோ அங்கதான் வண்டி போகும்!"

என்னோடு கற்றுக்கொள்ள ஒரு பல் டாக்டர் அம்மாவும் வருகிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். விழும்போதெல்லாம் முதலில் பல்லைத் தடவிப் பார்க்கிறார். என் பல்லையும் விடாமல் பார்த்தார். "கீழ்க்கடைவாயில ஒண்ணு போயாச்சு போலிருக்கே, எங்க எடுத்தீங்க?" என்றார். சொன்னேன். அதை எடுத்த டாக்டருக்கும் அவருடைய நர்ஸுக்கும் இடையிலான கதையை எனக்கு முழுவதுமாகச் சொன்னார். அந்தக் கதைக்காகவே நாளைக்கும் போகலாம்.

வீட்டில் மனைவி களிம்பு தடவினாள். முதுகு, முழங்கை, முட்டி. இடுப்பருகே அவள் விரல் நின்றது.

"இது மட்டும் மஞ்சளாயிருக்கே?"

"சீக்கிரம் ஆறுற உடம்பு."

அந்த இடத்தில் மட்டும் இரண்டு தடவை தடவினாள்.

மார்ச் 12, வியாழன்

இதையும் எழுதமாட்டேன் என்றுதான் இருந்தேன்.

எனக்கு அரங்கத்தில் மேடை விளக்கு மாட்டும் வேலை. இருபத்தாறு வருடமாக ஏணி. இன்று பாதி ஏறியபோது இடது கால் அடுத்த படிக்கு வரவில்லை. கால்சட்டையை முட்டிக்கருகே கையால் பிடித்து, காலைத் தூக்கி வைத்தேன். மற்ற கையில் எட்டு கிலோ விளக்கு. கீழே ஒலியமைப்பாளர் – எல்லோரும் அவரை 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவோம் – ஏணியைப் பிடித்துக்கொண்டு, தன் மாமியார் புதிதாக வாங்கிய நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து பார்த்தால் அவருடைய வழுக்கை மட்டும்தான் தெரிகிறது. விளக்குக்கு நேர் கீழே.

மாட்டிவிட்டு இறங்கினேன். "என்ன இப்படி வேர்க்குது?" என்றார். வெயில் என்றேன். அரங்கத்துக்குள் என்ன வெயில்?

மார்ச் 15, ஞாயிறு

எதிர்பாராத ஆபத்து. எனக்கு ஓட்ட வந்துவிட்டது!

கம்பியை விட்டேன். தள்ளாடினேன். பிறகு ஏதோ ஒரு இடத்தில் வண்டி என் பேச்சைக் கேட்டது. முப்பது மீட்டர் போனேன். காற்று முகத்தில் பட்டது. அப்போதுதான் உறைத்தது – இதன் மேல் நின்றால் காலைத் தூக்க வேண்டியதே இல்லை. நடப்பதில்தான் எனக்குக் கோளாறு. மிதப்பதில் நான் மற்ற மனிதர்களைப் போலத்தான். அந்த முப்பது மீட்டரும் என் கால் என் அண்ணன் கால் இல்லை.

பிறகு பயம் பிடித்துக்கொண்டது. இப்படியே போனால் நன்றாக ஓட்டத் தெரிந்து, வசமாக மாட்டிக்கொள்வேன். பல் டாக்டர் அம்மா இன்று முழுச் சுற்று போய்விட்டார். அவர் முட்டியில் புதுக் காயமே இல்லை. வீட்டில் போன புதன்கிழமை குளியலறையில் ஒன்று, வெள்ளிக்கிழமை கூடத்தில் ஒன்று, நேற்று வாசலில் ஒன்று. இவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

போதாக்குறைக்கு மனைவி வேடிக்கை பார்க்க வந்தாள். அவள் கண்ணெதிரே வேண்டுமென்றே இரண்டு தடவை விழுந்தேன். மேடையில் நடிப்பவர்களுக்கு இத்தனை வருடம் விளக்குப் போட்டது வீண்போகவில்லை. அவளோ தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு அறிவிருக்கா? இந்த வயசுல இவரைக் கொன்னுடுவியா?" அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்கு அந்த இடத்திலேயே நிஜமாக விழுந்துவிடலாம் போலிருந்தது.

மார்ச் 18, புதன்

அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே. வண்டியில்லாமல் இது பத்தாவது.

மார்ச் 22, ஞாயிறு

மச்சான் வகுப்பில் எல்லோரையும் போனில் படம் எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை தன் கடையில் உள்ள பெரிய திரையில் எல்லோருடைய விழுகைகளையும் போட்டு, ஏன் விழுந்தோம் என்று காட்டுவான். ஒருவர் கீழே பார்த்தார். ஒருவர் மிக மெதுவாகப் போனார். ஒருவர் எதிரே வந்தவருக்குக் கை காட்டினார். ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. சிரிப்புக்குக் குறைவில்லை. பல் டாக்டர் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அப்புறம் என் படம், போன வாரம் எடுத்தது. பல் டாக்டர் அம்மா என் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் அதை நோக்கி நடந்து வருகிறேன். சமதரை. விழுகிறேன்.

கடை அதிர்ந்தது. "ஏறுறதுக்கு முன்னாடியே விழுந்த முதல் ஆள்!" என்று யாரோ கை தட்டினார்கள். நானும் எழுந்து தலை வணங்கினேன். இப்படிப்பட்ட நேரத்தில் நான் எப்போதும் தலை வணங்கிவிடுவேன்.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அதையே மறுபடி ஓட்டினான், மெதுவாக. என் இடது பாதம் ஈரத்துணி மாதிரித் தொங்குவது திரையளவு தெரிந்தது. எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கேட்டான்.

"இதுல நீங்க வண்டியிலயே இல்லையே அத்தான்."

மறுபடியும் தலை வணங்கினேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"ஓட்டப் பழகினதும் சொல்லலாம்னு..."

"புதன்கிழமை வரைக்கும் பாப்பேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் நடுவுல அவகிட்ட திட்டு வாங்கினது நான்தான்."

மார்ச் 23, திங்கள்

சொல்லவில்லை. அவளுக்குப் பள்ளியில் தேர்வாம், களைத்துப்போய் வந்தாள். நல்ல காரணம்.

மார்ச் 24, செவ்வாய்

சொல்லவில்லை. களைப்பில்லாமல் வந்தாள். சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? இதுவும் நல்ல காரணம். எனக்குத்தான் காரணத்துக்குப் பஞ்சமே இல்லையே.

மார்ச் 25, புதன்

காலையில் அரங்கம். மூன்று படி ஏறினேன். நாலாவதில் பாதம் சறுக்கி, முட்டி கம்பியில் இடித்தது. பதினொன்று. ஆனால் இந்தத் தடவை கையில் விளக்கு இருந்தது. சவுண்டு அண்ணாந்து பார்த்து, "மெதுவா, மெதுவா" என்றார், சிரித்துக்கொண்டே. எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிற முகம் அது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இறங்கினேன். விளக்கைத் தரையில் வைத்தேன். "என்னால ஏற முடியாது. ஒரு மாசத்துக்கு மேலாகவே முடியலை," என்றேன்.

அவர் ஏணியின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். "ஒரு மாசமா நான் இதுக்குக் கீழதானேய்யா நிக்கிறேன்," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அங்கிருந்து நேராக மனைவியின் பள்ளிக்கூடம். அவள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில், யாரையோ கடித்துவிட்ட பிள்ளை ஒன்று முறை வரக் காத்திருந்தது. முதலில் அது உள்ளே போனது. அடுத்து நான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவை எடுத்தாள்.

"வண்டியில எத்தனை தடவை விழுந்தீங்க?"

"நாப்பது இருக்கும்."

"வண்டி இல்லாம?"

"நாலஞ்சு."

பார்த்தாள்.

"பதினொண்ணு."

"தேதி சொல்லுங்க."

சொன்னேன். எழுதினாள். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினாள், திறந்தாள், மூடினாள். "உங்க அண்ணனுக்கு என் கையால ஊட்டியிருக்கேன். உங்களுக்குச் செய்யமாட்டேன்னு நினைச்சீங்களா?"

"நீ செய்வேன்னு தெரிஞ்சுதான்..." என்றேன். அண்ணனுக்கு ஊட்டும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார், சுவரைத்தான் பார்ப்பார். அது அவளுக்கும் தெரியும்.

மணி அடித்தது. பிள்ளைகள் திபுதிபுவென்று ஓடினார்கள். அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள். "உன்னைத் திட்டினதுக்கு மன்னிச்சுடுடா," என்றாள். கல்யாணமானதிலிருந்து அவனிடம் அவள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவனும் கேட்டிருக்கமாட்டான் போல, "யாரு பேசுறது?" என்றான்.

மார்ச் 30, திங்கள்

நரம்பு டாக்டர். காலில் ஊசி குத்தி, மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகு மொத்தமாகச் சொல்வாராம். 'மொத்தமாக' என்றால் என்ன? எவ்வளவு இருந்தால் மொத்தம்?

ஏப்ரல் 4, சனி

அவள் வகுப்பேடு திருத்துகிறாள். நான் பேப்பர் படிக்கிறேன். இரண்டு பேருமே பக்கத்தைத் திருப்பவில்லை.

ஏப்ரல் 8, புதன்

அண்ணனுடைய வியாதி இல்லை.

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றார் டாக்டர். கீழ்முதுகில் எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு ஒன்று பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். பயிற்சி செய்து பார்க்கலாம், சரிவராவிட்டால் அறுவை. கால் பழையபடி வரலாம், முக்கால்வாசி வரலாம், வராமலும் போகலாம். தாமதமாக வந்தீர்கள் என்றார். பாதத்தைத் தூக்கிப் பிடிக்க, காலணிக்குள் வைக்கும் ஒரு பிளாஸ்டிக் தாங்கி. ஏணி கூடாது. வண்டி கூடவே கூடாது.

"கால் தூக்க முடியாத மனுஷன் எதுக்குங்க ஒத்தச் சக்கரம் ஓட்டினீங்க?"

எனக்கு முன்னால் மனைவி பதில் சொன்னாள்: "விழறதுக்கு, டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. நாங்கள் விளக்கவும் இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

சவுண்டு இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் மாமியாரின் நாய் தலையணையைக் கிழித்த கதையை என் காதில் விழும்படி வேறு யாருக்கோ உரக்கச் சொன்னார். நான் இப்போது கீழே, விளக்குகளை இயக்கும் பலகையில். மேலே ஏறுவதற்கு வேறு ஆள் வந்தாயிற்று. அவர் ஏறும்போது நான் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 25, சனி

சாயங்காலம் சமையலறையில் விழுந்தேன். தண்ணீர் குடிக்கப் போனவன், மல்லாக்க.

"விழுந்துட்டேன்!" என்று கத்தினேன்.

ஓடி வந்தாள். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "எந்தக் கால்?"

யோசித்தேன். "வலது."

அவள் என் வலது பாதத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். வலதுமா? பிறகு அவள் கையை ஊன்றி எழப்போனாள், கை வழுக்கியது. விரலைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"எண்ணெய்ங்க," என்றாள். "எண்ணெய் சிந்தியிருக்கு!"

இவ்வளவு சந்தோஷமாக யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்தான். யாராயிருந்தாலும் விழுவார்கள். அவள் சிரிக்க ஆரம்பித்தாள், அப்படியே அழுதாள். நான் எழுந்திருக்க அவசரப்படவில்லை.