பர்விஸ் அம்மாள் கொடுத்த தாள்

டெக்சாஸ்,
18 அக்டோபர் 1987, ஞாயிறு

அன்பு மகன் இலாரியோவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் உன் தங்கை நியேவெசும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், சிகாகோ குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா என்பதே என் கவலை. இந்த வருடம் ரோஜாத் தோட்டத்தில் முள் அதிகம், பூ குறைவு, அப்பாவுக்கு முதுகு வலி, நியேவெஸ் கணக்கில் வகுப்பிலேயே முதல். இனி விஷயத்துக்கு வருகிறேன், நீ வேண்டாம் என்று சொன்னதைத்தான் செய்திருக்கிறேன்.

தாள் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களுக்குப் பொது மன்னிப்பு என்று அரசாங்கம் சொல்கிறதே, யார் யாரை மன்னிப்பது என்று எனக்கு வயிறு எரிகிறது, இருந்தாலும் இங்கே நிலையாகத் தங்கப் பச்சை அட்டை வேண்டுமே. எண்பத்திரண்டுக்கு முன்பிருந்தே இங்கே இருந்தோம் என்று தாள் காட்டச் சொல்கிறார்கள். உன் அப்பாவைத்தான் தெரியுமே, பேர் போட்ட தாள் எல்லாம் நம்மளக் காட்டிக் கொடுக்கும்டீ என்று கூலிச் சீட்டு, வாடகைச் சீட்டு எல்லாவற்றையும் அடுப்பில் போட்டவர். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதே கதைதான், இப்போது எல்லா ஆம்பளைகளும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு தாளை மட்டும் மாவு டப்பாவின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

எழுபத்தெட்டு ஆகஸ்டில், உனக்குப் பதினொரு வயது, தலையில் எண்ணெய் தடவிச் சீவி உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். ஆபீஸ்காரி பர்விஸ் அம்மாள் உன் பிறப்புச் சான்றிதழை விரல் நுனியால் தள்ளி, இந்த நாட்டுத் தாள் இல்லாத பிள்ளைக்கு இங்கே இடம் இல்லை என்றாள். நம் ஊர் வழக்கம் எனக்கு, இல்லை என்று சொன்னாலும் முத்திரை குத்தித்தானே சொல்வார்கள், அதனால் எழுதிக் கொடுத்தால்தான் நகர்வேன் என்று நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே தட்டச்சில் அடித்து, தேதி முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். உன் பேர், என் பேர், நம் விலாசம், எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து கோர்ட்டு சொல்லிப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தார்கள், உன் தங்கைக்கு அப்போதுதான் பள்ளிக்கூட வயது, தப்பித்தாள், உன்னை ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். முழங்கால் மேசைக்கு அடியில் நுழையாமல் மூன்று நாள் உட்கார்ந்தாய், நாலாம் நாள் அப்பாவோடு ரோஜாத் தோட்டத்துக்குப் போய்விட்டாய். அந்த மூன்று நாளை நான் மறக்க மாட்டேன்.

எழுதியவளே வந்து வக்கீலுக்கு முன் உறுதி சொன்னால் தாளுக்குப் பலம் என்று கோவிலில் உதவி செய்யும் பெண் சொன்னாள். எனக்கு அது கரும்பு தின்னக் கூலி. போன ஞாயிறு பூசை முடிந்து, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, நியேவெசையும் கூட்டிக்கொண்டு பர்விஸ் அம்மாள் வீட்டுக்கே போனேன். ஓய்வு பெற்றுவிட்டாள், கை நடுங்குகிறது, பாவம் என்று நீ சொல்வாய், நான் சொல்லவில்லை. தாளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எத்தனையோ பிள்ளைங்க வந்துச்சுங்க, எனக்கு ஞாபகம் இல்லையே என்றாள். ஒன்பது வருடமாக விடிந்து எழுந்தால் முதல் வேலையாக அவளைத்தான் சபிக்கிறேன், அவளுக்கு நம்மை ஞாபகம்கூட இல்லை! அப்படின்னா சத்தமா வாசிக்கச் சொல்லுடி என்றேன் நியேவெசிடம். உன் தங்கை அந்தம்மாளின் பாஷையிலேயே சொன்னாள். வாசித்தாள். உன் பேர் வந்ததும் நிறுத்தி, இன்னொரு தடவை என்றேன். நான்கு தடவை வாசிக்க வைத்தேன். அழுதாள், மேலிடத்துல சொன்னதைத்தானே செஞ்சேன் என்றாள், நான் கைக்குட்டை கொடுக்கவில்லை. செவ்வாயன்று வக்கீலிடம் வந்து, இந்தப் பையன் என் முன்னால் நின்றான், நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று தன் கையால் எழுதிக் கொடுத்தாள். போகும்போது கை நீட்டினாள். என் கை பைக்குள்ளேயே இருந்தது. பாதிரியார் மன்னித்துவிடு என்கிறார், அவருக்கென்ன, அவர் பிள்ளையா வாசலில் நின்றான்.

இரண்டு தாளும் இதோடு ரெஜிஸ்டர் தபாலில் வருகின்றன. மன்னிப்பு மனு வாங்கும் ஆபீசில் காட்டு, நகலை மட்டும் கொடு, மூலத்தைக் கைவிடாதே. பிந்திய வருடங்களுக்குத் தோட்டத்துக்காரரும் எழுதித் தருகிறார். மே நாலாம் தேதியோடு கதவு மூடிவிடும், நாளை நாளை என்று இருந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, பீன்ஸை மட்டுமே தின்று காலத்தை ஓட்டாதே.

இந்தக் கடிதத்தையும் வழக்கம்போல நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா செலியாதான் படித்துச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். முழங்கால் மேசை வந்த இடத்தில் அவள் நிறுத்தி உன் முகத்தைப் பார்த்திருப்பாள், நீ தலையைக் குனிந்திருப்பாய். நிமிர்ந்து உட்காரடா. குனிய வேண்டியவள் செவ்வாய்க்கிழமை குனிந்துவிட்டாள்.

மாதா உன்னைக் காப்பாளாக.
உன் அம்மா,
எவுஸ்தோலியா