கணக்கெடுப்பில் வந்த வீடு

ஹெலன் அப்பாவுக்கு,

நானும் ஹெலன் பாப்பாவும் நலம். உங்கள் அண்ணனைப் பற்றிப் போனில் ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

வெயிலில் கூலி வேலை பார்ப்பவர்களுக்குக் கிட்னி ஏன் கெடுகிறது என்று ஆராய எங்கள் ஆஸ்பத்திரிக்கு நிதி வந்து, நான் வீடு வீடாக ரத்தம் எடுக்கப் போகிறேன் இல்லையா? செய்யூர்ப் பக்கத்துப் பட்டியலில் உங்கள் அண்ணன் பெயரும் இருந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நம் கல்யாணத்துக்கே வராதவர். என்னை வாசலில் பார்த்ததும், "இன்னாத்துக்கு வந்த?" என்றார்.

"ரத்தம் எடுக்கத்தான்" என்றேன்.

சவுக்கு மரம் வெட்டிக் காய்ப்புக் காய்த்த கையை, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

ரிசல்ட் நல்லதாக இல்லை. இப்போதே மருந்து எடுத்தால் டயாலிசிஸ் வரை போகாமல் தள்ளலாம் என்கிறார் டாக்டர். மருந்துச் செலவை ஆராய்ச்சி நிதியே ஏற்கிறது. அந்த நிதி மார்ச் வரைக்கும்தான் இருக்கிறது. நீட்டிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.

நேற்று மாத்திரை கொடுக்கப் போனேன். அண்ணி டீ போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது உங்கள் அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "துபாய்ல அவனும் வெயில்லதான வேல செய்றான்? தண்ணி ஒயுங்கா குடிக்கிறானா?"

"நீங்களே கேளுங்க" என்று உங்கள் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி