ரயில் படத்தின் கடைசி அரை மணி

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது. வாழ்நாளில் பார்த்த படங்களில் எது முதலாவது என்று. ரயில் படம் என்கிறேன் நான். வக்கீல் படம் என்கிறார் என் வீட்டுக்காரர். வக்கீல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எட்டுப் பேரைப் புரட்டி எடுக்கிற படம் எப்படி முதலாவது ஆகும்? நிஷாந்தி கொழும்பிலிருந்து போனில் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். பெற்ற மகளாச்சே, ஒரு பக்கம் பேசுவாள் என்று பார்த்தால், ஆளுக்கு ஒரு முதலாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டாள்.

விளையாட்டுச் சண்டைதான். ஆனால் அது ஏன் வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கண் கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். கண்ணுக்குள் பிரஷராம். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணில் மிச்சம் இருப்பது எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல முடியாது. துளி மருந்தைத் தவறாமல் விட வேண்டும். பஸ்ஸில் டிக்கோயா வரைக்கும் வாய் திறக்காமல் வந்தார். இறங்குகிற நேரத்தில்தான், "ராணி, நமக்குப் புடிச்ச படத்தையெல்லாம் இன்னொரு தரம் பாத்துருவோமா?" என்றார்.

பார்த்துவிடுவோம்.

ஆகஸ்ட் 14

படங்களை யோசித்து யோசித்து எழுதினேன். பத்தோடு நிறுத்தலாம் என்று பார்த்தால் நிற்க மாட்டேன் என்கிறது. பெட்டிப் படம், பேய் பங்களாப் படம், ரெண்டு சைக்கிள் படம், குருட்டுப் பாட்டுக்காரன் படம் – இதை அடித்துவிட்டேன். இப்போது எதற்கு அது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் படத்துக்கு நிஜப் பேர் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்குத் தீபாவளி வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டு, ஹட்டனில் சரிபுதீன் முதலாளி கடையில் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுப்போம். ஒரு ராத்திரிக்கு மூன்று படம். பேர் போடுகிற நேரத்தில் எல்லாரும் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். அதனால் மறுநாள் கொழுந்து மலையில் யார் என்ன பேர் வைக்கிறார்களோ அதுதான் பேர். நானே இரண்டுக்கு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்று எழுத நினைத்துத் தூங்கிப்போனேன். ரயில் படம் எனக்கு ஏன் முதலாவது என்று எழுதி வைக்க வேண்டும். பின்னால் நிஷாந்தி படித்தாலும் படிக்கட்டும்.

மூன்றாவது படத்தின் முடிவைப் பார்த்த பொம்பிளை எங்கள் லயத்தில் கிடையாது. மூன்றாவது படம் பாதி தாண்டும்போது விடியப் பார்க்கும். தீபாவளிக்கு மறுநாள் காலையிலேயே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு, உண்டு. பேர் கொடுக்கப் போகாவிட்டால் வேலை இல்லை. தண்ணீர் எடுத்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். ஒவ்வொருத்தியாக முக்காட்டைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். ஆம்பிளைகள் மட்டும் கடைசி வரை பார்ப்பார்கள். ஆகவே எங்களுக்கு எல்லா மூன்றாவது படமும் கேள்விப்பட்ட முடிவுதான்.

தொண்ணூற்று மூன்றாம் வருசத் தீபாவளியில் மூன்றாவதாகப் போட்டது ரயில் படம். கதாநாயகி வீட்டுக் கஷ்டத்துக்காகப் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறாள். அவன் பிளாட்பாரத்தில் நிற்கிறான். அவள் பெட்டியில் கால் வைக்கிறாள். சரியாக அந்த இடத்தில் அம்மா என் தலையில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பிக் கொண்டுபோய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு மாவில் உப்பே போடவில்லை.

டெக்கைத் தலையில் சுமந்துகொண்டு வந்ததும் அதை ஓட்டினதும் கீழ் லயத்து யோகேஸ்வரன். இப்போது பக்கத்தில் குறட்டை விடுகிற மனுசன்தான். மிச்சக் கதையைக் கேட்டேன். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒரு குடம் நிறையும் மட்டும்தான் கதை. அவள் போகிறாளாம், அழுகிறாளாம். அடுத்த ஸ்டேஷன் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறாளாம். தண்டவாளத்திலேயே நடந்து திரும்பி வருகிறாளாம்.

அடுத்த மாதம் என்னைக் கொழும்பில் ஒரு பங்களா வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனது பூரணி அத்தை. ஹட்டனில் ஏறினோம். அடுத்த ஸ்டேஷன் ரொசல்லையில் எதிர் ரயிலுக்காக நிறுத்திப் போட்டிருந்தான். அத்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் இறங்கிவிட்டேன்.

அவள் இறங்கினாளே என்றுதான் இறங்கினேன். வேறு எந்தத் தைரியமும் எனக்கு இருக்கவில்லை. செருப்பு அறுந்து, மழையில் தொப்பலாக நனைந்து, பொழுதுபட பீலிக்கு வந்து சேர்ந்தேன். அவர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். தன் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து என் மேல் போட்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பேய் பங்களாப் படத்தை நிஷாந்தி போனில் அனுப்பிவிட்டாள். டீவியில் போட்டுப் பார்த்தோம். பேய் போட்டிருக்கிற கம்பளித் தொப்பி அப்படியே எங்கள் பழைய கணக்கப்பிள்ளையின் தொப்பி. அன்றைக்கும் இதற்குத்தான் சிரித்தோம், இன்றைக்கும் இதற்குத்தான்.

ரயில் படத்தை எப்படித் தேடுவது? பேரும் தெரியாது, நடித்தவர்களும் அப்புறம் காணாமல் போனவர்கள். இவரிடம் கேட்டால், அது கடைசியாக இருக்கட்டும், முதலாவது படத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்கிறார்.

செப்டம்பர் 15

ரெண்டு சைக்கிள் படம். அண்ணனும் தம்பியும் வாய்க்காலில் விழுகிற இடம். நான் சிரித்த பிறகு அவர் சிரித்தார். முதலில் கவனிக்கவில்லை. அடுத்த தடவை சிரிக்காமல் இருந்து பார்த்தேன். அவரும் சிரிக்கவில்லை. முகம் டீவிக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எத்தனை நாளாக இப்படி? அடுப்படிக்குப் போய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 21

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். புள்ளடியை எங்கே போட்டார் என்று அவருக்கே தெரியாதாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒக்டோபர் 5, சனி

நான் வேலை செய்கிற பிள்ளைக்காம்பரா லீவு. அங்கே பால் கரைத்துக் கொடுத்து, தொட்டில் ஆட்டி, வாரம் முழுக்கப் போய்விடுகிறது. இன்றைக்கு ஹட்டனுக்குப் போய் சரிபுதீன் முதலாளியைப் பார்த்தேன். வீடியோக் கடை இப்போது போன் கவர் விற்கிற கடை. மகன் அஃப்ஹம்தான் பார்க்கிறார். முதலாளி மூலையில் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் அப்படியே இருக்கிறது. பட்டணத்துக்கு வேலைக்குப் போகிற பெண், ரயில் என்று நான் தொடங்கினதுமே படத்தின் நிஜப் பேரைச் சொல்லிவிட்டார். அந்தப் பேரில் ரயிலே இல்லை. எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

சந்தோசத்தில் எழுந்தேன். அவர் விடவில்லை.

"அது ஓடாத படம் தங்கச்சி. அந்தப் புள்ள கடைசி மட்டும் ரயில உட்டு எறங்கவே இல்லியே. முடிவு சரியில்ல எண்டு கெசட்டக் கொண்டாந்து வீசிட்டுப் போனாங்க."

இல்லை முதலாளி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவாள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். வேறு படத்தோடு குழப்பிக்கொண்டிருக்கிறார். வயதாகிவிட்டது.

அதே நாள், மாலை

இவரிடம் கேட்டேன். ரயில் படத்தில் அவள் இறங்குகிறாளா இல்லையா என்று. மருந்துப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே, முதலாளிக்கு வயசாயிருச்சு என்றார்.

முதலாளியைப் போய்ப் பார்த்ததாக நான் இவரிடம் சொல்லவே இல்லையே. பேரைக்கூட எடுக்கவில்லை. இறங்கவில்லை என்று சொன்னது முதலாளிதான் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

ஒக்டோபர் 6

கோவமா வருது. யார் மேலன்னு தெரியல. ஒரு படத்துக்காகவா இவ்வளவு கோவம்? படம் இல்ல. ஐப்பசியில படம் பாத்தோம். கார்த்திகையில பயணம்னு லயம் பூரா தெரியும். இந்த மனுசனுக்கும் தெரியும். ஒரு அரை மணிக் கதைய ஒரு வாரம் இழுத்துச் சொன்னாரே, அது சொன்னதா, கட்டுனதா?

போகாதேன்னு ஒரு வார்த்த வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமில்ல.

அவ இறங்கலன்னா – அப்போ அன்னைக்கு இறங்குனது நான் மட்டும்தானா?

ஒக்டோபர் 9

பேசவில்லை. சாப்பாடு போடுகிறேன், மருந்து விடுகிறேன். அவர் கண்ணைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடக்கிறார்.

ஒக்டோபர் 13

பக்கத்துக் காம்பரா வீரம்மாக்கா வந்து என்ன உங்கள் வீட்டில் படச் சத்தத்தைக் காணோம் என்றது. டீவி பழுது என்றேன். எனக்கும் பொய் நன்றாகத்தான் வருகிறது.

அக்கா போன பிறகு ஒன்று யோசித்தேன். அவர் போகாதே என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அம்மாவின் சீக்கு, தங்கச்சிகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். போயிருப்பேன்தான். கொழும்புக்குப் போன எங்கள் செட்டில் திரும்பி வந்து இந்தப் பீலியில் தண்ணீர் பிடித்தவள் யாரும் இல்லை.

ஆனாலும் கோபம் போகவில்லை. பாதி போயிருக்கிறது.

ஒக்டோபர் 20

முதலாளி சொன்ன பேரை வைத்து நிஷாந்தி ரயில் படத்தைக் கண்டுபிடித்துவிட்டாளாம். முடிவைப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை, தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருகிறேன், மூன்று பேரும் சேர்ந்தே பார்ப்போம் என்றாள். அவளும் சின்ன வயதிலிருந்து அந்த முடிவைக் கேட்டு வளர்ந்தவள்தானே.

அவரிடம் சொன்னேன். சரி என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு இப்ப ஒன்னும் தெரியல ராணி. வெளிச்சம் மட்டுந்தான். நீதான் பாத்துச் சொல்லணும்" என்றார்.

இத்தனை நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். அவர் தோளில் தலையை வைத்து அழுதேன். கண்ணுக்காகவும் அழுதேன், மற்றதுக்காகவும் அழுதேன்.

ஒக்டோபர் 31, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோவிலுக்குப் போய் வந்து, மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டு, மூன்று மணிக்கு ரயில் படம் போட்டோம். பட்டப்பகலில், வயிறு நிறைந்து, எழுப்பிவிட ஆள் இல்லாமல். அவருக்குக் கதிரை, எனக்கு அவர் பக்கத்தில் வாங்குப் பலகை, நிஷாந்தி தரையில்.

நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அவள் மஞ்சள் சேலை கட்டியிருக்கிறாள் என்றால், கரை பச்சை என்கிறார். சரியாகத்தான் இருக்கிறது. ஒரு தடவைதான் பார்த்தவர்.

அவள் பெட்டியில் கால் வைக்கிற இடம் வந்தது. அம்மா என்னை எழுப்பின இடம். அதற்கு மேல் எனக்குப் புதுப் படம்.

ரயில் கிளம்பியது. அவன் சின்னதாகிக்கொண்டே போனான். அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ரயிலுக்குள் உட்கார்ந்து பழசை நினைக்கிறாள், போகப்போகிற பட்டணத்துப் பங்களாவை நினைக்கிறாள், மாறி மாறி. பேச்சு ஒன்றும் இல்லை. ரயில் சத்தமும் வயலினும்தான். ஸ்டேஷன் வருகிறது. ரயில் நிற்கிறது. அவள் வெளியே பார்க்கிறாள். ஒரு பெண் இறங்குகிறாள், அது வேறு யாரோ. ரயில் எடுத்துவிட்டது.

முதலாளிக்கு ஒன்றும் வயதாகவில்லை.

அவர் முகத்தை நேராக டீவிக்குத் திருப்பிக்கொண்டு, முடிவு தெரியாதவர் போலக் கேட்டார்.

"ஸ்டேஷன் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"இறங்கிட்டாளா?"

பதில் தெரிந்தவர்தான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதுதான் அவருக்குத் தெரியாது. நிஷாந்தி என்னைத் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தாள். அவள் தோளை அமுக்கினேன்.

"இறங்கிட்டா" என்றேன். "பையைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டா. தண்டவாளத்துலயே நடந்து வர்றா. செருப்பு அறுந்துருச்சு, கையில வச்சிருக்கா. மழை ஊத்துது. தொப்பலா நனைஞ்சுட்டா. ஆனா நிக்கல, வந்துக்கிட்டே இருக்கா."

டீவியில் ரயில் ஒரு வளைவில் திரும்பி மறைந்து, வணக்கம் என்று போட்டுவிட்டான்.

அப்புறம் அவர் மெதுவாக, "நான் சொன்னதுல மழை இல்லையே ராணி" என்றார்.

"இருந்துச்சு" என்றேன்.

அவர் கையால் துழாவினார். என் கை கிடைத்ததும் பிடித்துக்கொண்டார். நிஷாந்தி தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 24, ஞாயிறு

பெட்டிப் படம் பார்த்தோம். கடைசியில் தாய் சாகிற இடம் வந்தது. எனக்கு அதைச் சொல்ல மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கண் முழித்துவிட்டது, மகன் கஞ்சி ஊட்டுகிறான் என்று சொன்னேன்.

"பின்ன ஏன் எல்லாரும் இப்பிடி அழுவுறாங்க?"

"சந்தோசத்துல" என்றேன்.

நல்ல படம் என்றார். அடுத்த ஞாயிறு வக்கீல் படம் வேண்டுமாம்.