சொந்தக்காரர் மட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். படகுக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போய் இப்போது தேறியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், இருமல் நின்றதா, அந்த ஜன்னலோரக் கட்டிலை இன்னும் நகர்த்தவில்லை என்றால் இதைப் படித்துவிட்டு நகர்த்து. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், அவர் உனக்குச் சொன்னதெல்லாம் அவர் பக்கத்துக் கதை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் வெளியே போயிருக்கிறார், வர ஒன்றே கால் மணி நேரம் ஆகுமாம். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் நேரம் குறித்தவர், ஒன்றே கால் என்றால் ஒன்றே கால்தான்.

படகு நின்றிருந்த பழைய பட்டறை கைமாறியது உனக்குத் தெரியும். புது ஆட்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள், படகு வைத்திருப்பவர்கள் தங்கள் படகில் தாங்களே எந்த வேலையும் செய்யக்கூடாது, எங்கள் ஆட்கள்தான் செய்வார்கள் என்று. அப்பா ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சட்டைக்காரர் வந்து, சார் கையை எடுங்க என்றாராம். அடியில் மரம் கெட்டிருக்கிறது, இருபதாம் தேதி சோதனை அதிகாரி வந்து பார்ப்பார், தேறாவிட்டால் படகின் எண்ணை ரத்து செய்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அது படகு இல்லை, விறகு. அவங்களே செய்யட்டுமே என்றேன். என் படகை நான் தொடக்கூடாதுன்னா அப்புறம் எதுக்குப் படகு என்றார். இரண்டு வாரம் வீட்டில் இருந்தார். முதல் மூன்று நாள் நான் குளியலறையில் எத்தனை நிமிடம் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அதையும் சொல்லவில்லை. ஷேவ் செய்யவில்லை. கூடத்துக் கடிகாரம் நின்றுபோயிருந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார், கவனிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. விற்றுவிடச் சொல்லு என்று நீ சொன்னாய், நானும் பதினாறு வருடமாக அதையேதான் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு நானே போனை எடுத்து, சொந்தக்காரர்களே வேலை செய்துகொள்ள விடுகிற பட்டறை எங்காவது இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதல் இடத்தில் போனில் தாராளமா செய்யலாம்மா என்றார்கள். நாற்பது நிமிடம் பஸ்ஸில் போய் நின்றால், தாராளமாகச் செய்யலாம் என்பது படகைக் கழுவுவதற்கு. வாளி அவர்களே தருவார்களாம். இரண்டாவது இடத்தில் எல்லா வேலையும் செய்யலாம், ஆனால் முதலில் இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்பு. அப்பா போனார். சொல்லிக்கொடுப்பவர் சுத்தியைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டாராம், அப்பா அவர் அதைப் பிடித்திருந்த விதம் தப்பு என்றாராம். மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். அனுப்பினார்களா, தானாக வந்தாரா என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மூன்றாவது, சிமென்ட் கிடங்குக்குப் பின்னால். கிரேன் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், பட்டறையும் அவருடையது, கிரேனும் அவரே ஓட்டுகிறார், வாசலையும் அவரே பெருக்குகிறார். அங்கே ஒரு பலகை. படகின் சொந்தக்காரர் மட்டுமே வேலை செய்யலாம். அதைப் படித்ததும் அப்பா முகத்தில் ரத்தம் ஓடியது. அதன் கீழே சிவப்பில் சின்னதாக, சொந்தக்காரர் என்றால் படகு யார் பேரில் இருக்கிறதோ அவர், சொந்தபந்தம் அல்ல என்று இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். போன வருடம் ஒருத்தர் பதினோரு பேரைக் கூட்டிவந்து, சொந்தக்காரர்னு நீங்கதானே போட்டிருக்கீங்க, இவங்க எல்லாருமே என் சொந்தக்காரங்கதான், இவர் சித்தப்பா, இவன் மச்சான், அது என் சகலை என்றாராம். அந்தச் சகலை படகு மாறி, பக்கத்துப் படகுக்குப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனாராம்.

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார், பிரித்தார், என்னைப் பார்த்து, நீங்க உள்ளே வாங்கம்மா, ஹெல்மெட் அங்க இருக்கு என்றார். புத்தகத்தில் இருந்தது என் பெயர். நீ அப்போது சின்னப் பெண். கல்யாண நாளுக்கு நான் கேட்டது தையல் மிஷின், வாசலில் லாரியில் வந்து நின்றது படகு. நான் திரும்பி அடுக்களைக்குப் போனேன். பின்னாலேயே வந்து, உன் பேர்லதான் வாங்கியிருக்கேன் என்றார். சமாதானத்துக்குச் சொன்னது என்று நினைத்தேன், உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. பதினாறு வருடத்தில் மூன்று தடவை அதில் ஏறியிருக்கிறேன், மூன்று தடவையும் வாந்தி. பெயரை மாற்ற ஒரு மாதம் ஆகும், சோதனைக்கு இருந்ததோ பதினொரு நாள். அப்பா விடவில்லை. நான் இவங்க வீட்டுக்காரர்ங்க என்றார். வீட்டுக்காரர்னா வீட்ல போய் செய்ங்க சார், இங்க படகுக்காரர்தான் செய்யணும், அது அம்மா என்றார் அக்கா.

படகை லாரியில் அங்கே கொண்டுவந்து இறக்கினோம். தரையில் ஒரு மஞ்சள் கோடு. உள்ளே நான், வெளியே மடக்கு நாற்காலியில் அப்பா. அவர் கால் விரல் உள்ளே வந்தது, அக்கா பேசாமல் துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் போனார். முதல் நாளிலிருந்தே அப்பா கத்தினார், உளியைச் சாய், சாய்னா அந்தப் பக்கம் இல்ல, உன்கிட்ட இருக்கிறது உளி, கரண்டி இல்ல. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல் டாக்டர் பக்கத்தில் முப்பது வருடம் நின்றவள். அடிப்பலகையைத் தட்டினேன், சத்தம் சரியில்லை. நகத்தால் கீறினேன். பெயின்ட், அதன் கீழே பெயின்ட், அதன் கீழே இன்னொரு பெயின்ட், அதன் கீழே மாவு. சொத்தை. இப்படி எத்தனை வருஷமா அடைக்கிறீங்க என்று கேட்டேன். வருஷா வருஷம்தான் என்றார் பெருமையாக. சொத்தையை உள்ளே வைத்து மேலே பூசினால் என்ன ஆகும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அவருக்கும் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன், அந்தக் கடைவாய்ப் பல்லை இந்த மாதமே போய்க் காட்டு. நல்ல மரம் வரும்வரை சுரண்டினேன். ஏழு இடம். நாலாம் நாள் பின்பக்கத்தில் என் கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. அப்பா கத்துவதை நிறுத்திவிட்டார். இதைப் பற்றி அவரிடம் கேட்காதே. திரும்பி வரும்போது பஸ்ஸில், அதுல நான் தனியாத்தானே போய்ட்டு வந்துட்டிருந்தேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து வேறு மனிதர். நான் கையை நீட்டினால் உளி இருந்தது, உப்புத்தாள் இருந்தது, பல சமயம் நீட்டுவதற்கு முன்பே இருந்தது. பலகையைக் கோட்டுக்கு வெளியே வைத்து அளவாக அறுத்துக் கொடுத்தார், ஒட்டும்வரைக்கும் அது பலகைதானே, படகு இல்லையே என்று வாதாடி அக்காவிடம் அதற்கு மட்டும் அனுமதி வாங்கினார். பசை இறுக இன்னும் பதினேழு நிமிஷம், தொடாதே என்பார். பதினேழு நிமிடம் நானும் சும்மா உட்கார்ந்திருப்பேன். டாக்டருக்கு நான் எடுத்துக் கொடுத்தே பழக்கம். எனக்கு ஒருத்தர் எடுத்துக் கொடுப்பது எப்படி இருக்கும் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்.

இருபதாம் தேதி அதிகாரி வந்தார். சின்னச் சுத்தியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அப்பா நாற்காலியை மடக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பின்பக்கம் வந்ததும் அதிகாரி மூன்று தடவை தட்டினார், இது யார் செஞ்சது என்றார். அப்பா வாயைத் திறந்தார், மூடினார், என்னைக் காட்டினார். எங்க கத்துக்கிட்டீங்க என்று அதிகாரி கேட்டார். பல் ஆஸ்பத்திரியில் என்றேன். இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முத்திரை போட்டார். அக்கா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, பேரை சாருக்கே மாத்திடுங்க, அடுத்த தடவை அவரே உள்ளே வரலாம் என்றார். நல்ல யோசனைதான். அப்பா அன்றைக்கே எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டார், முத்து முத்தாக. என் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. சாப்பாட்டு மேஜையில் ஐந்து நாளாக இருக்கிறது. அவர் கேட்கவில்லை. தட்டு வைக்கும்போது நகர்த்துகிறார், தட்டை எடுத்ததும் திரும்ப அங்கேயே வைக்கிறார். மேலே ஒரு பேனாவும். இன்றைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தேன். அந்தப் பேனாவில்தான் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தில் இரண்டு பலகை எனக்குத் திருப்தியாக இல்லை. அதிகாரி போதும் என்றார். மாதக் கடைசியில் பிரித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்ல தூக்கம் தூங்கி, எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் நினைக்காத நாள் இல்லை. ஒன்றை மறந்துவிடாதே, வேலை செய்யும்போது போடுகிற கையுறை ஒரு ஜோடி அனுப்பு. இங்கே கடையில் ஆம்பளை அளவுதான் கிடைக்கிறது. உன் கையும் என் கையும் ஒரே அளவு, போட்டுப் பார்த்து வாங்கு. மெல்லிசாக வாங்காதே, ரொம்ப நாள் உழைக்கிற மாதிரி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா