படத்துக்கு முன்னால் வைத்த பேரிக்காய்

என் பிரியமான அத்தானுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் பேருக்கு ஒரு பெட்டி வந்தது. வாஷி மார்க்கெட்டில் நம் கடை வாசலில் லாரிக்காரர் இறக்கிவிட்டுப் போனார். இமாச்சல மலையிலிருந்து பேரிக்காய். அனுப்பியது டோல்மா என்று ஒரு பெண். யார் இவள், உங்கள் தலையில் எதைக் கட்டப் பார்த்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் வழக்கம் தெரியுமே. பெட்டியைக் கவிழ்த்து அடி அடுக்கிலிருந்துதான் பிரிப்பேன். மேலே நல்லதை அடுக்கிக் கீழே சொத்தையை ஒளிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. இதில் அடியும் மேலும் ஒன்றுபோல இருந்தன. அதுவே சரியாகப் படவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். எல்லாம் வெள்ளை வெளேர். கடைசிக் காயைத் தாராவி வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டப் போனபோது, அக்கா பிடுங்கி உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

"அவுக பேருக்கு வந்தது. ஒண்ணையாவது முழுசா விடுலே."

மனசு ஆறாமல், சொல்லாமல் கொள்ளாமல் மலைக்குக் கிளம்பினேன். போன குளிரில் பக்கத்துத் தோட்டத்துப் பேரி மரங்கள் பட்டை வெடித்துச் செத்து நின்றன. டோல்மாவின் மரத்தை நானே நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை. பனி தாங்கும் காட்டுப் பேரியையும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் தோட்டப் பேரியையும் கலந்து அவள் உண்டாக்கிய ரகமாம். சுற்றிலும் அடிக்கட்டைகள். பனியைத் தாங்கியது காய்க்கவில்லை, காய்த்தது பனியைத் தாங்கவில்லை என்று அவளே வெட்டித் தள்ளியவை. தேறியது இந்த ஒரு மரம்.

அடுத்த வருஷம் எவ்வளவு அனுப்புவாய் என்றேன். விற்பதற்கில்லை என்றாள். சரக்கை விற்க மாட்டேன் என்பவளை எப்படி அத்தான் நம்புவது?

பிறகுதான் விஷயம் வந்தது. பம்பாய்ச் சூட்டில் பழம் உள்ளே கெடுகிறதா என்று வைத்திருந்து பார்த்துச் சொல்வதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்களாம். கெட்டால் இந்த மரமும் அடிக்கட்டைதான். நான் வெட்டித் தீர்த்ததைச் சொன்னேன். நீங்கள் இல்லை என்பதையும் சொன்னேன். அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தால், உங்கள் படத்துக்கு முன்னால் அந்த ஒன்று மட்டும் மஞ்சளாகப் பழுத்து இருந்தது. தோலில் ஒரு புள்ளி இல்லை. பழசை எடுத்துவிட்டு வேறு வைத்தாயா என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஏலே, செத்த மனுசர்ட்டயுமா கள்ளத்தனம் பண்ணுவேன்?"

வெட்டினேன். விதையைச் சுற்றிப் பழுப்பு.

நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் மரம் பிழைக்கும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் போனில் உள்ளதைத்தான் சொன்னேன். ஒற்றைப் பழத்தின் பேச்சை நம்பி மரத்தை வெட்ட மாட்டேன், அடுத்த காய்ப்பில் இன்னொரு பெட்டி அனுப்புகிறேன் என்றாள். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி. நீங்கள் அவளை நம்பினீர்களா, இல்லை அவள்தான் உங்களை நம்பினாளா?

பெட்டியில் யார் பேரை எழுதட்டும் என்று கேட்டாள். உங்கள் பேரையே எழுதச் சொல்லிவிட்டேன்.

பெட்டி வரும், அத்தான். அப்போது கத்தியை எடுக்க மாட்டேன். எல்லாவற்றையும் உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துக் காத்திருப்பேன். அடி அடுக்கை மட்டும் முதலில் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன் சுடலைமுத்து