மூன்று நிமிடம்

தேடியஸ் அத்தான்,

செவ்வாய் மாலை உங்கள் தம்பி எல்ராய் சோள ரொட்டியை மோரில் பிட்டுப் போட்டுக்கொண்டு, உங்கள் குழுவின் சிறந்த பாடல்கள் என்று நீங்கள் தொகுத்த புது இசைத்தட்டைக் கேட்க உட்கார்ந்தார். வானொலிக்காக வெட்டிய சிறு வடிவங்களையே போட்டிருக்கிறீர்கள். நீங்கள் பாடுவது முழுதாக இருக்கிறது. அவருடைய சாக்ஸபோன் வருவதற்குள் ஒவ்வொரு பாட்டும் தேய்ந்து அடங்கிவிடுகிறது. "அடுத்ததுல அண்ணன் விட்டு வெச்சிருப்பான், வெர்னி" என்று சொல்லிச் சொல்லிப் பதினாறையும் கேட்டார். புதன் காலை எழுந்திருக்கவில்லை.

நேற்று உங்களைக் கேட்டேன். "இந்தக் காலத்துல மூணு நிமிஷத்துக்கு மேல யாரும்மா கேக்குறா?" என்றீர்கள்.

சபைப் பெண்கள் கொண்டுவந்த கறியும் கீரையும் ஃபிரிட்ஜில் இருக்கின்றன. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். சாவியை அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு அடக்க ஆராதனைக்குச் சபைக்கு வாருங்கள்.

நிகழ்ச்சி நிரலில் இரங்கல் உரைக்கு உங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறேன். பக்கத்தில் மூன்று நிமிடம் என்று அச்சாகியிருக்கிறது. மற்றவர்களுக்கு அளவு கிடையாது. நேரம் முடிந்ததும் ஆர்கன் தொடங்கும். உங்கள் மைக்கை மெல்ல மெல்லக் குறைத்துவிடுவார்கள். டேட்டன் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருக்கலாம்.

வெர்னிட்டா

சாக்ஸபோனைத் தேட வேண்டாம். பெட்டிக்குள் அவரோடு வைத்தாயிற்று.

இன்னொன்று. வெட்டாத பாட்டுகள் உள்ள பழைய நீள இசைத்தட்டு பிளேயரிலேயே இருக்கிறது. அதில் அவர் இன்னமும் நான்காவது நிமிடத்தில்தான் ஊதத் தொடங்குகிறார்.