கையெழுத்து மட்டும் போதும்

ஜூலை 6

என் நெட்டச்சிக்கு,

நீ நகரத்துப் பள்ளிக்குப் போனபின் நம் பெஞ்சில் தாராளமாக இடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. விடுதிக் கட்டில் உன் நீளத்துக்குப் போதுகிறதா?

ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆலங்கட்டி மழையில் எங்கள் மக்காச்சோளம் பாதி சாய்ந்துவிட்டது. (எங்கள் என்று எழுதிவிட்டேன். நிலம் உங்களுடையது, குத்தகைக்கு உழுவது அப்பா.) மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பாவுடன் வேளாண்மை அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா தலை நிமிராமலே, "பத்திரம் யாரு பேர்ல?" என்றார்.

"மொதலாளி பேர்லங்க. உழுறது நான்."

"உழுறவங்களுக்கு இல்லண்ணே, பத்திரத்துல பேரு இருக்கறவங்களுக்குத்தான். அவருக்குத்தான் வருஷா வருஷம் போயிட்டிருக்கே!"

அப்பா வெளியே வந்து, சுத்தமாக இருந்த சைக்கிளையே துடைத்துக்கொண்டிருந்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த விதிகளை முழுக்கப் படித்தேன். ஒன்பதாவது விதியில் இருக்கிறது: நிலத்துக்காரர் சம்மதித்துக் கையெழுத்திட்டால் மானியம் குத்தகைக்காரருக்கே கிடைக்கும்! அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அவங்ககிட்ட போய்க் கேக்க எனக்கு வாய் வராதும்மா" என்றார்.

அதனால் நான் கேட்கிறேன். அடுத்த விதைப்புக்கு எங்களுக்கு வேறு வழியில்லை. படிவத்தை ஒரு கட்டம் விடாமல் நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். பயிரிட்டுவரும் ஆண்டுகள்: பதினொன்று. உன் அப்பா கையெழுத்து மட்டும் போட்டால் போதும். என் அப்பாவுக்கு இது தெரியாது. பணம் வந்ததும் சொல்லி அசத்தப் போகிறேன்.

உன் குட்டச்சி

ஜூலை 19

அடி குட்டச்சி,

கட்டிலுக்கு வெளியே ஒரு சாண் கால் தொங்குகிறது, திருப்தியா? இங்கே எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், உன்னைப் போல யாரும் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தபோது படிவத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"யாரு எழுதினது?"

"அவளேதாம்பா."

"கெட்டிக்காரப் பொண்ணுதான்" என்று சிரித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காரியம் முடிந்தது என்றே வைத்துக்கொள்.

உன் நெட்டச்சி

ஆகஸ்ட் 2

நெட்டச்சிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. படிவத்தை என் அப்பா முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பதினோரு வருஷம்னு எழுதியிருக்கே. அதுக்கு நான் கையெழுத்துப் போடணும். நாளைக்கு அதையே காட்டி, நெலம் என்னுதுன்னு கோர்ட்ல போய் நிப்பே. அதானே?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உடனே உன் அப்பாவிடம் திரும்பி, "நான் சொல்லித்தாங்க எழுதினா. புள்ள மேல தப்பில்ல" என்று கைகூப்பினார்.

"அறுப்பு முடிஞ்சதும் நெலத்தை விட்டுடு. டிராக்டர்காரன் குத்தகைக்குக் கேட்டுட்டிருக்கான்."

அவர் போனதும் அம்மா என்னைத் திட்ட வாயெடுத்தாள். அப்பா கையமர்த்தினார். "என்ன எழுதினே? வாசிச்சுக் காட்டு." நான் எழுதி வைத்திருந்த நகலை எடுத்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தேன். முடிவுவரை கேட்டுவிட்டு, "ஒரு வருஷம் கொறச்சு எழுதிட்டியேம்மா. பன்னெண்டு" என்றார்.

உன்மேல் கோபமில்லை. நான் கேட்டதைத்தான் நீ செய்தாய். கூலிக்கு ஆள் வைக்க முடியாததால் நாளை முதல் நானும் அறுப்புக்குப் போகிறேன். பிறகு எங்கே போவோம் என்று இன்னும் தெரியவில்லை.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் படித்துவிடுவேன். படித்தால் பதில் எழுதிவிடுவேன். எழுத எழுத, அப்பா கைகூப்பி நின்றது எனக்கு மறந்துபோகும். அது மறக்கக் கூடாது.

குட்டச்சி